மூக்கு ஒன்று, மீன் இரண்டு: வாள்மீனும் கருப்பு மார்லினும்

1953 மே 7 அன்று சிலி நாட்டின் இக்கிக்கே துறைமுகத்துக்கு வெளியே லூ மாரன் என்ற அமெரிக்கர் தூண்டிலில் ஒரு வாள்மீன் பிடித்தார். எடை 1,182 பவுண்டு, நம் கணக்கில் 536 கிலோ. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, தென் அமெரிக்காவின் அதே மேற்குக் கரையில் வெகு தூரம் வடக்கே பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் ஒரு கருப்பு மார்லினைப் பிடித்தார். 1,560 பவுண்டு, அதாவது 708 கிலோ. ஒன்றே முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டித்தான் படகருகே கொண்டுவர முடிந்தது.

இரண்டு சாதனைகளும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. கார்பன் தடி வந்துவிட்டது, சோனார் வந்துவிட்டது, கடல் வெப்பத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனாலும் எழுபது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டு எடைகளையும் யாரும் தாண்டவில்லை.

தூண்டில் வேட்டைக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு வாக்குவாதம் நடக்கும்: வாள்மீன் பெரிதா, மார்லின் பெரிதா? எடை மட்டும்தான் கேள்வி என்றால் மேலே இருக்கும் இரண்டு எண்களோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கேட்பவர்கள் மனதில் இருப்பது வேறு. எது வலிய மீன், எதைப் பிடிப்பது கஷ்டம், எதைப் பிடித்தால் ஊர் பேசும் என்பதுதான். நீண்ட மூக்கு இரண்டுக்கும் இருப்பதால் அவற்றை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறோம். அந்த மூக்கைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பார்த்தால், ஒன்று ஆழத்தின் மீன், மற்றது மேற்பரப்பின் மீன். மற்ற வித்தியாசம் எல்லாம் அநேகமாக அதிலிருந்து வருவதுதான்.

பெயர்க் குழப்பமும் பழையதுதான். ஒரு விடியற்காலை காசிமேட்டில் ஏலத் தரையில் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு மீன் கிடந்தது. கூரிய மூக்கு, கருநீல முதுகு, முதுகில் பாய் போல விரியும் துடுப்பு இல்லை. “இது என்ன மீன்ணே?” என்று கேட்டேன். “மயில் கோலா தம்பி” என்றார் பக்கத்தில் நின்றவர். மயில் கோலா என்பது பாய்மீனுக்குச் சொல்லும் பெயர், மயில் தோகை மாதிரி முதுகுத் துடுப்பு இருப்பதால். அன்று கிடந்தது மார்லின். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் செய்தித்தாள்களும் மார்லின், பாய்மீன், வாள்மீன் மூன்றையும் ‘வாள்மீன்’ என்றே எழுதுகின்றன. சில நேரம் ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வேளா திருக்கை வகை, இந்தக் கூட்டத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இலங்கையில் சிங்களவர்கள் மார்லினைக் கொப்பரா என்றும் வாள்மீனைக் கடு கொப்பரா என்றும் பிரிக்கிறார்கள். கடு என்றால் வாள்.

அறிவியல் பெயர் வைத்தவர்களும் வாளை விட்டு நகரவில்லை. வாள்மீனின் பெயர் சிஃபியாஸ் கிளாடியஸ். முதல் சொல் கிரேக்கத்தில் வாள், இரண்டாவது சொல் லத்தீனில் வாள். கருப்பு மார்லினின் பெயர் இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா. பெயரிலேயே நம் கடல் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் அதன் வீடு, அட்லாண்டிக்கில் எப்போதாவது வழிதவறி வந்தால் உண்டு. வாள்மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மூன்று பெருங்கடல்களிலும் இருக்கிறது, மத்தியதரைக் கடலிலும் இருக்கிறது.

இனி ஒரு மீன் கரையில் கிடந்தால் எப்படி அடையாளம் காண்பது? முதலில் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். வாள்மீனுடையது தட்டையானது, விளிம்பு கூர்மையாக, உண்மையிலேயே வாள் மாதிரி இருக்கும். உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அதுவே எடுத்துக்கொள்ளும். மார்லின் மூக்கு குட்டை, உருண்டை, ஈட்டிக் கம்பு மாதிரி. தடவினால் அரம் போலச் சொரசொரக்கும். அடுத்து வயிற்றுப் பக்கம். மார்லினுக்கு அங்கே இரண்டு ஒல்லியான துடுப்புகள் தொங்கும், வாள்மீனுக்கு ஒன்றுமே இருக்காது. வளர்ந்த வாள்மீனுக்குச் செதிலும் கிடையாது, பல்லும் கிடையாது. இரண்டுமே குஞ்சாக இருக்கும்போது இருந்து, வளர வளரப் போய்விடும். வால் அடியில் மார்லினுக்குப் பக்கத்துக்கு இரண்டு வரப்பு, வாள்மீனுக்கு ஒன்றே ஒன்று, ஆனால் தடித்தது.

கருப்பு மார்லினுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. மார்புத் துடுப்பைப் பிடித்து உடம்போடு அழுத்துங்கள். நீல மார்லினாக இருந்தால் மடியும். வளர்ந்த கருப்பு மார்லினுக்கு விமானத்தின் இறக்கை மாதிரி விறைத்து நிற்கும், உடைத்தால்தான் மடங்கும். காசிமேட்டில் அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அழுத்திப் பார்த்திருப்பேன்.

சொந்தபந்தம் பார்த்தால் இந்த இரண்டு குடும்பங்களும் பங்காளிகள்தான். வாள்மீன் தன் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம். மார்லின்களும் பாய்மீன்களும் பக்கத்துக் குடும்பம். பார்க்கச் சூரை மாதிரி இருந்தாலும் மரபணு ஆய்வுகள் இவர்களைப் பாரையோடும் தட்டையான நாக்கு மீனோடும்தான் நெருக்கமாக வைக்கின்றன. தோற்றத்தை வைத்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம் என்பதற்கு நாக்கு மீனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, ஆழத்துக்கு வருவோம். 2012 அக்டோபரில் புளோரிடாவின் பொம்பானோ கடற்கரையில் காலை நடைக்குப் போனவர் ஒருவர் மணலில் ஒரு கண்ணைக் கண்டெடுத்தார். பெரிய சாத்துக்குடி அளவு, பளபளவென்று நீலம். கணவாயின் கண், திமிங்கிலத்தின் கண் என்று இணையத்தில் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். மாநில வனவிலங்குத் துறை பரிசோதித்து அது வாள்மீனின் கண் என்று சொன்னது. கண்ணைச் சுற்றிக் கத்தி பட்ட தடம் இருந்தது. யாரோ மீனை நறுக்கிவிட்டுக் கடலில் வீசியது கரை ஒதுங்கியிருக்கிறது.

அத்தனை பெரிய கண் எதற்கு? வாள்மீன் பகலெல்லாம் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் ஆழத்தில் இரை தேடுகிறது, சில நேரம் அதற்கும் கீழே போகிறது. அங்கே வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை, தண்ணீரும் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். இரவில் கணவாயும் சிறு மீன்களும் மேலே ஏறி வர, அதுவும் பின்னாலேயே மேலே வரும். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டைத்தான் ஏற்கும் என்று படித்திருப்போம். குளிரில் கண்ணும் மூளையும் மந்தமாகிவிட்டால் வேட்டை எப்படி நடக்கும்? 1982-இல் பிரான்சிஸ் கேரி என்ற விஞ்ஞானி இதற்கு விடை சொன்னார். கண்ணை மேல்நோக்கித் திருப்பும் தசை ஒன்று வாள்மீனில் தசை வேலையை விட்டுவிட்டு அடுப்பு வேலை பார்க்கிறது. சுருங்கி விரியாமல் வெறும் வெப்பத்தை மட்டும் உண்டாக்கி மூளையையும் கண்ணையும் சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்கிறது. உடம்பு முழுக்கக் குளிர்ந்து கிடக்க, தலையில் மட்டும் கணப்பு.

இந்தச் சூட்டால் என்ன லாபம் என்பதை 2005-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. சூடான விழித்திரை வேகமாக அசையும் பொருளைத் தனித்தனி காட்சியாகப் பிரித்துப் பார்க்கிறது. குளிர்ந்த விழித்திரைக்கு அதெல்லாம் ஒரே கலங்கலாகத் தெரியும். துள்ளி ஓடும் கணவாயை இருட்டில் குறிவைக்க இந்த வித்தியாசம் போதும். மார்லினுக்கும் தலையில் இந்த அடுப்பு உண்டு, ஆனால் சிறியது. அதற்கு அவ்வளவு தேவையும் இல்லை. வெதுவெதுப்பான மேல் தண்ணீரில், பெரும்பாலும் முதல் நூறு மீட்டருக்குள், பகல் வெளிச்சத்தில் சூரையையும் கானாங்கெளுத்தியையும் துரத்தும் மீன் அது.

இப்போது 1953-க்குத் திரும்பிப் போனால் அந்த இரண்டு இடங்களும் ஏதோ தற்செயலாக அமைந்தவை இல்லை என்று தெரியும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவருகிறது. ஆழத்துச் சத்தெல்லாம் மேலே வர, நெத்திலி கணக்கில்லாமல் பெருகும். நெத்திலியைத் தின்ன அடுத்த மீன், அதைத் தின்ன அதற்கடுத்த மீன். இக்கிக்கே அந்தக் குளிர் நீரோட்டத்தின் நடுவிலேயே இருக்கிறது, குளிருக்கு அஞ்சாத வாள்மீனுக்கு ஏற்ற இடம். காபோ பிளாங்கோ இருப்பது குளிர் நீரும் வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் முட்டும் முனையில். மார்லின் வெதுவெதுப்பை விட்டு நகராமலேயே குளிர் நீரின் விருந்தில் கை வைக்கலாம். கிளாசெல் அதற்கு முந்தைய ஆண்டே, 1952-இல், அங்கேதான் ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட மீனை முறைப்படி தூண்டிலில் பிடித்த முதல் ஆள் ஆனார். அதுவும் கருப்பு மார்லின்தான்.

பிடிக்கும் விதத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். இன்று பெரிய கருப்பு மார்லின் வேண்டும் என்பவர்கள் போவது ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸுக்கு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பெருந்தடைப் பவளப்பாறையின் வெளி விளிம்பில் அவை முட்டையிட வரும். ராட்சத உருப்படிகள் எல்லாம் பெண் மீன்கள்தான், ஆண் அதன் பக்கத்தில் நின்றால் பிள்ளை மாதிரி இருக்கும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள முழு மீனையே இரையாகத் தைத்து, படகுக்குப் பின்னால் ஒன்றைத் தண்ணீர்மேல் துள்ளவிட்டும் இன்னொன்றைச் சற்றுக் கீழே நீந்தவிட்டும் இழுத்துக்கொண்டு போவார்கள். வேட்டை முழுவதும் கண்முன் நடக்கும். இரைக்குப் பின்னால் முதலில் ஒரு கருநிழல், பிறகு முதுகுத் துடுப்பின் நுனி. ஆவேசம் வந்தால் மார்லினின் உடம்பில் நீலம் விளக்குப் போட்டதுபோல எரியும். முள் பட்டதும் நானூறு கிலோ உடம்பு முழுதாகக் காற்றில் எழும்பித் தலையை உதறும். படகை ஓட்டுபவர் பின்பக்கமாகவே விரட்டுவார், அலை பின்சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும். கடைசியில் கையுறை போட்ட ஒருவர் முள்ளை ஒட்டியிருக்கும் தடித்த முன்நரம்பைக் கையில் சுற்றி மீனை அருகே இழுப்பார். இந்த ஆட்டத்திலேயே மிக ஆபத்தான வேலை அதுதான், சுற்றிய நரம்பு சமயத்தில் கழலாவிட்டால் ஆளே கடலுக்குள் போக வேண்டியதுதான். அடையாளச் சீட்டைக் குத்தி, முள்ளை எடுத்து அல்லது நரம்பை அறுத்து விட்டுவிடுகிறார்கள்.

வாள்மீன் வேட்டையில் இந்த வேடிக்கை எதுவும் இல்லை. தடியும் ரீலும் வைத்து முதல் வாள்மீனைப் பிடித்தவர் வில்லியம் போஷன், 1913-இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே, 355 பவுண்டு. அந்தக் காலத்து முறை, வெயில் காய மேலே வந்து சோம்பிக் கிடக்கும் மீனைக் கண்ணால் தேடிப் பிடித்து அதன் மூக்கருகே இரையைக் கொண்டுபோவது. பத்துக்கு ஒன்பது தடவை அது திரும்பிக்கூடப் பார்க்காது. 1970-களில் புளோரிடாவில் இரவு வேட்டை தொடங்கியது: விளக்குக் குச்சி கட்டிய கணவாயை இறக்கிவிட்டுப் படகை நீரோட்டத்தோடு மிதக்கவிடுவது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே புளோரிடாவில் பகலிலேயே ஆழத்தில் இறக்கும் முறை பரவியது.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐந்நூறு மீட்டர் ஆழம். நூலின் முனையில் நாலைந்து கிலோ எடைக்கல், ஒரு சின்ன மின்விளக்கு, கணவாயோ மீனின் வயிற்றுத் தோலோ தைத்த முள். கீழே போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். நீரோட்டம் நூலைச் சாய்க்காமல் இருக்க ஓட்டுபவர் எதிர்த்திசையில் என்ஜினைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்களின் வேலை தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டு இருப்பது மட்டும்தான். அலையில் அது தலையாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் பார்த்த பிறகு, அலையோடு சேராத சின்னத் துடிப்பு ஒன்று வரும். அரை கிலோமீட்டர் கீழே நானூறு பவுண்டு மீன் ஒன்று தன் வாளால் இரையை வெட்டிப் பார்க்கிறது, மேலே தெரிவது விரல் நுனி அளவு அசைவு. அவசரப்பட்டு இழுத்தால் போச்சு, அதன் வாய்ச் சதை மிருது, முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முள் சரியாகப் பட்டாலும் சண்டை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலேயே நடக்கிறது. மின்சார ரீல் வைத்து இழுப்பவர்களும் உண்டு, அப்படிப் பிடித்ததைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

வாள் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு 1967 ஜூலையில் நடந்தது ஒன்று போதும். அமெரிக்காவின் ஆல்வின் ஆய்வு நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது ஒரு வாள்மீன் பாய்ந்து வந்து குத்தியது. மூக்கு கலத்தின் வெளிச்சட்டக இடுக்கில் சிக்கி, எடுக்க வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் அவசரமாக மேலே வந்தார்கள், மீனும் கூடவே வந்தது. கலத்துக்குப் பெரிய சேதமில்லை. மீனை அன்றிரவே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பு மார்லின் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பொது அறிவுப் பக்கங்களில் இன்றும் வருகிறது. நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். முள் மாட்டிய மீன் ரீலிலிருந்து நூலை உருவிய வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. படகின் ஓட்டம், நூலின் வளைவு எதையும் அதில் கழிக்கவில்லை. தண்ணீரில் ஒரு எல்லைக்கு மேல் போனால் துடுப்பைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாகி வெடித்துத் திசுவையே சேதப்படுத்தும். 2016-இல் பாய்மீனின் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று அளந்து பார்த்தார்கள். உச்ச வேகம் விநாடிக்கு எட்டு மீட்டரை ஒட்டித்தான் வந்தது, மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். தண்ணீருக்குள் அதுவே பயங்கரமான வேகம்.

சட்டமும் சமையல்கட்டும் இந்த இரண்டு மீன்களை எப்படி நடத்துகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் தொழில்முறைப் படகுகள் கருப்பு மார்லினையும் நீல மார்லினையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2012-இல் வந்த சட்டம், ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளுக்கு மட்டும் விலக்கு வைத்து, மார்லின், பாய்மீன் வகைகளை விற்பதையே தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வாள்மீன் சேராது. மூக்கு ஒன்றுதான், ஆனால் ஒன்று வேட்டைக்காரனின் மீன், மற்றது கசாப்புப் பலகையின் மீன்.

வாள்மீனின் சதை தந்த நிறத்தில் கெட்டியாக, கொழுப்பு ஓடி இருக்கும். கனமான துண்டாக வெட்டித் தணலில் வாட்டினாலும் உதிராது. மெசினா நீரிணையில் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்திலேயே அதை எறியீட்டியால் பிடித்த முறையைக் கிரேக்க எழுத்துகள் சொல்கின்றன. இன்றும் அங்கே உயரமான கம்பத்தின் உச்சியில் ஒருவர் நின்று மீனைத் தேட, படகின் முன்னால் நீளும் பாலத்தின் நுனியிலிருந்து இன்னொருவர் ஈட்டி எறிகிறார். ஈட்டியால் குறையாத மீன், நீண்ட கயிற்றில் வரிசையாக முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் குறைந்தது. 1990-களில் வட அட்லாண்டிக்கில் நிலைமை மோசமாகி, 1998-இல் அமெரிக்கச் சமையல்காரர்கள் பலர் வாள்மீனை உணவுப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அடுத்த ஆண்டு பிடிப்பளவுக்கு வரம்பு கட்டிப் பத்தாண்டு மீட்புத் திட்டம் வந்தது. 2009-க்குள் அங்கே இருப்பு தேறிவிட்டது. வேகமாக வளரும் மீன் என்பது அதற்குக் கைகொடுத்தது. இலங்கையிலிருந்து சூரையோடு வாள்மீனும் ஐரோப்பாவுக்குப் போகிறது. 2015 ஜனவரியில் முறையற்ற மீன்பிடியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, 2016 ஜூனில்தான் விலக்கியது. நம் பக்கம் கரைக்கு வரும் மார்லின்கள் பெரும்பாலும் சூரைக்குப் போட்ட செவுள் வலையிலோ ஆயிரங்கால் தூண்டிலிலோ மாட்டிக்கொண்டவை. அவற்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

தட்டில் வைக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் சமம்: பாதரசம். சிறு மீனில் இருப்பது பெரிய மீனில் சேர்ந்து சேர்ந்து, உச்சியில் இருக்கும் வேட்டை மீனிடம் குவிந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்டிருக்கும் பட்டியலில் மார்லினும் வாள்மீனும் சேர்ந்தே இருக்கின்றன.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நாள் கடலுக்குப் போகலாம், இரண்டில் ஒன்றைத்தான் தேடலாம் என்றால், கெய்ர்ன்ஸ் படகை விட்டுவிட்டு அந்த ஆடும் தடி நுனியின் பக்கத்தில்தான் உட்காருவேன். மார்லின் எப்படியும் துள்ளித் தன்னைக் காட்டிவிடும். கீழே இருப்பதை, அது மேலே வரும்வரை, எத்தனை பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது.